நாமே இழுத்துச் செல்லும் அறை

2025 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருமழிசையில் எங்கள் தெருமுனையில், ஒரு சின்ன எஸ்யூவியையும் அதன் பின்னால் கொக்கி போட்டு மாட்டிய பத்தடி நீள டிரெய்லரையும் ரிவர்ஸ் எடுக்க முக்கால் மணி நேரம் போராடினேன். நான் ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பினால் குழாயடியை நோக்கிப் போனது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். "அக்கா, இது சினிமாக்காரங்க கேரவனா?" என்று ஒருவன் கேட்டான். செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருப்பதால், நடிகர்களின் கேரவன் எங்கள் நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கும் வண்டி. "இல்லடா, இது நம்ம கேரவன்" என்றேன். அவன் நம்பவில்லை.

நம்பாததில் தப்பில்லை. படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டியைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது நம் ஊரில் பணக்காரர்களின் விடுமுறை விளையாட்டு. எங்களிடம் இருப்பதும் அப்படி வாங்கப்பட்டு, இரண்டு முறை ஊட்டிக்குப் போய்விட்டு, பிறகு ஒரு மரத்தடியில் கிடந்து துருப்பிடித்த வண்டிதான். களப்பணிக்குப் போகும் நான்கு பேர் பணம் போட்டு அதை வாங்கினோம். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தரைத் தகட்டை மாற்றி, விளக்கு ஒயர்களைப் புதிதாக இழுத்தோம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மடக்கினால் படுக்கையே மேசையாகும்.

எதற்கு இதை வாங்கினோம், வாங்கியது சரியா என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சமூகப் பணி படித்துவிட்டுக் களத்துக்கு வரும் தம்பி தங்கைகள் இப்போதெல்லாம் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "அக்கா, ராத்திரி எங்கே தங்குவீங்க?" என்பதுதான்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்குத் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, அதைக் கழிப்பதற்குள் சீசன் முடிந்து, கடனோடு ஊர் திரும்புவார்கள். மழைக்காலத்தில் அவர்களுடைய ஊருக்கே போய்ச் சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, கணக்கு முடிக்காத முதலாளிமேல் மனு என்று எழுதித் தருவது எங்கள் வேலை. ஒரு ஊருக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆகும்.

2024 ஜூலையில் அப்படிப் போனபோது, ஒரு தாலுகா தலைநகரில் லாட்ஜில் அறை கேட்டோம். போனில் கேட்டபோது "நாலு ரூம் காலியா இருக்கு மேடம், வாங்க" என்றார்கள். நேரில் போனதும் மேனேஜர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். முகவரியில் 'காலனி' என்று இருந்தது. அட்டையைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். கண்ணாடியில் அண்ணல் படம். "எந்த ஊரு? திருமழிசையிலே எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்து, "இப்பத்தாம்மா புக் ஆயிடுச்சு" என்றார். நாலு அறையும், ஐந்தே நிமிடத்தில்.

அதே தெருவில் இன்னொரு லாட்ஜ். அங்கே "லேடீஸ் மட்டும் தனியா வந்தா குடுக்கிறதில்லை" என்றார்கள். அது சாதியா, ஆணாதிக்கமா, இரண்டுமா? அன்றிரவு பஸ் நிலையத்துக்கு எதிரில் காருக்குள்ளேயே தூங்கினோம். நானும் இன்னொரு தோழியும் பின் சீட்டில். தம்பி ஒருவன் விடிய விடிய முன் சீட்டில் விழித்திருந்தான்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. புகார் கொடுத்தோமா என்றால், இல்லை. "எப்படி நிரூபிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் பேசாமல் இருந்தோம். ஊர் திரும்பும் வழியில்தான், "நம்ம ரூமை நாமே கொண்டு போனா என்ன?" என்ற யோசனை வந்தது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு 2019இல் ஒரு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில், சுமார் ஒரு லட்ச ரூபாயில் ஒரு வீட்டையே கட்டிக் காட்டிய படங்களை யாரோ போனில் எடுத்துக் காட்டினார்கள். ஆட்டோவில் முடியும் என்றால் நமக்கு முடியாதா? அன்று அது பெரிய தீர்வாகத் தெரிந்தது.

டிரெய்லர் வாங்கிய பிறகுதான் அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலை மறுபடி எடுத்தேன். எம்.ஏ. படிக்கும்போது தீண்டாமைக்கான சான்றுகளாக அதைப் படித்திருந்தேன். இந்த முறை வாசித்தபோது அது ஒரு பயண நூலாகத் தெரிந்தது. அதில் வரும் நிகழ்ச்சிகளில் பாதி வண்டியைப் பற்றியவை, தங்குமிடத்தைப் பற்றியவை, தண்ணீரைப் பற்றியவை.

1901. சிறுவன் பீமராவும் அண்ணனும் அக்காள் பிள்ளைகள் இருவரும் சத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறார். எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொள்கிறார். ஒரு நிபந்தனை: வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கூடை நிறையச் சோறு இருந்தும் தண்ணீர் கிடைக்காததால் அவர்களால் சாப்பிட முடியவில்லை. இரவு ஒரு சுங்கச்சாவடி அருகே மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைச் சாய்த்து நிறுத்தி, அதன் பலகையிலேயே படுக்கை விரித்துப் படுக்கிறார்கள். சுங்கக்காரரிடம் தண்ணீர் கேட்டபோது கிடைக்கவில்லை.

1929இல் சாலிஸ்கானிலும் இதே கதைதான். டோங்கா ஓட்டுபவர்கள் அண்ணலை ஏற்ற மறுத்ததால், ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே டோங்காவை ஓட்டுகிறார். பாலத்தில் குதிரை மிரண்டு, வண்டி கவிழ்ந்து, அண்ணல் கல் தரையில் தூக்கி எறியப்பட்டுக் காலில் எலும்பு முறிகிறது. நம் மக்கள் தங்கள் விருந்தாளியின் மரியாதையைக் காப்பாற்ற நினைத்தார்கள். அதில் அவருடைய பாதுகாப்பை மறந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, முதலில் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். மறுக்கப்பட்டவன் தன் வண்டியைத் தானே ஓட்டுவது வீரம்தான். ஆனால் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இருபது வருடம் மாட்டு வண்டி ஓட்டியவர். நெல், எரு, செங்கல் என்று எல்லாம் ஏற்றியிருக்கிறார். வண்டியும் மாடும் பண்ணையாருடையவை.

முதல் முறை நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை போய்த் திரும்பினோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்று, காகிதப் பெட்டிகள் எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றியிருந்தேன். எழுபதைத் தாண்டியதும் டிரெய்லர் பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. பின்னால் லாரி. கை நடுங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "பிரேக்கை அமுக்காதே, மெல்ல விடு, மெல்ல விடு" என்றார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தேன். வேகம் குறைந்ததும் ஆட்டம் நின்றது. ஓரம் கட்டினோம். அப்பா இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பின்பாரம் ஏத்திட்டியேம்மா. மாடா இருந்தா நுகத்தடியோட தூக்கிகினு நின்னிருக்கும்."

பிறகு விவரமாகச் சொன்னார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கும், மாட்டுக்குப் பிடிப்பு இருக்காது. பாரத்தை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் மாடும் நடக்கும், வண்டியும் நேராக வரும். வெளிநாட்டில் டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சொல்லப்படும் கணக்கும் இதேதான். டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். எங்கள் டிரெய்லர் சாமான்களோடு சேர்த்து 600 கிலோ. கொக்கி முனையைப் பழைய எடை மெஷின்மேல் வைத்துப் பார்த்தபோது முதலில் 25 கிலோதான் காட்டியது. தண்ணீர் கேன்களை அச்சுக்கு முன்னால் நகர்த்தியதும் 70 கிலோ வந்தது. அதன் பிறகு ஒரு நாளும் ஆடவில்லை.

இப்படி ஒரு வண்டியை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, பட்டு அறிந்த மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விற்கும் எல்லாச் சிறிய எஸ்யூவியும் இழுவைக்கு ஆகாது. கையேட்டில் இழுவை எடை என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இழுக்கக் கூடாது என்று போட்டிருந்தால் விட்டுவிட வேண்டும். எங்கள் கார் தனிச் சேஸிஸ்மேல் கட்டிய, பின்சக்கர இழுவை வண்டி. அது டிரெய்லரைவிட இரண்டரை மடங்கு எடை. எங்கள் டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கிடையாது. ஐரோப்பாவில் 750 கிலோ வரை அப்படி அனுமதிக்கிறார்கள். ஆனால் காரின் பிரேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டியிருப்பதால் முன் வண்டிக்கும் நமக்கும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு இடைவெளி வேண்டும். நாங்கள் அறுபதுக்கு மேல் போவதில்லை. கொக்கி கழன்றாலும் டிரெய்லர் பிடிபட, இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட வேண்டும். ரிவர்ஸ் எடுக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு. அதோடு, இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். அண்ணல் படம் ஒட்டிய வண்டியை நிறுத்துவதற்குக் காரணம் தேடுபவர்களுக்கு ஆர்.சி. இல்லாத டிரெய்லரைவிட நல்ல காரணம் வேறு கிடைக்காது.

அன்று சாலையோரம் டீ குடித்தபோது அப்பா இன்னொன்றும் சொன்னார். அவர் வண்டி ஓட்டிய காலத்தில், ஊர்த்தெரு வந்தால் கீழே இறங்கிவிட வேண்டும். மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து, தெருவைத் தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். "நெல்லு மூட்டை உக்காந்துகினு போலாம். நாம உக்காரக் கூடாது" என்றார். இதை அவர் இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை.

வண்டி வெறும் வண்டியாக என்றைக்கும் இருந்ததில்லை. 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, மாடுகளின் கழுத்தில் மணி கட்டி, வெங்ஙானூரில் புலையர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டினார். அடிதடி நடந்தது. 1924இல் நம் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்றது. அதற்குத் தொண்ணூறு வருடம் கழித்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பட்டியல் சாதியினர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் சைக்கிள் ஏன் வந்தது என்பதை என் அப்பாவிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூலையில் கிளம்பினோம். திருமழிசையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், அங்கிருந்து பாலாற்றை நோக்கி. காஞ்சிபுரம் எல்லையில் ஓரிக்கை. ஓரிருக்கை என்பது மருவிய பெயர். டிரெய்லரோடு அந்த ஊரைக் கடக்கும்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

திருமழிசை என்றாலே ஆழ்வார்தான். பிறந்ததும் கைவிடப்பட்ட குழந்தையைப் பிரம்பு வெட்டிப் பிழைக்கும் திருவாளனும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள் என்பது குருபரம்பரைக் கதை. பின்னாளில் காஞ்சியில் அவருடைய சீடர் கணிகண்ணனை அரசன் ஊரைவிட்டுத் துரத்துகிறான். சீடனோடு கிளம்பும் ஆழ்வார், திருவெஃகாவில் படுத்திருக்கும் பெருமாளைப் பார்த்து, நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்கிறார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார். மூவரும் ஒரு ராத்திரி தங்கிய இடம்தான் ஓரிருக்கை. இங்கே காஞ்சிபுரம் களையிழந்துபோக, அரசன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்கிறான். எல்லோரும் திரும்புகிறார்கள், பெருமாள் உட்பட.

வண்டியில் இந்தக் கதையைச் சொன்னேன். "பாரு, நம்ம ஊர்க்காரர் அன்னிக்கே படுக்கையைச் சுருட்டிக்கினு கிளம்பிட்டார். நாம டிரெய்லர்ல கிளம்பிட்டோம்" என்று எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஒரு பிழை இருந்தது. அது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

செய்யாற்றைத் தாண்டி நாங்கள் போன ஊரில், சேரிக்கு வெளியே பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் டிரெய்லரை நிறுத்தினோம். பகலில் மேசையைப் போட்டு மனு எழுதினோம். அருமையாக இருந்தது. வெயில் இல்லை, காகிதம் பறக்கவில்லை, போனுக்குச் சார்ஜ் போட முடிந்தது. முதல் நாளில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மனுக்கள். ராத்திரி எங்களிடம் இருந்த அடுப்பில் உப்புமா கிளறி, எங்கள் தண்ணீரைக் குடித்து, எங்கள் படுக்கையில் படுத்தோம். தம்பிகள் இருவரும் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொண்டார்கள். லாட்ஜ்காரன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, யாருக்கும் ஆதார் காட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதி.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு ஆயா வந்தார். முந்தைய வருடங்களில் இரண்டு முறை அவர் வீட்டுத் திண்ணையில் நான் படுத்திருக்கிறேன். டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், தண்ணீர் கேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் கண்ணு, இனிமே எங்க ஊட்ல படுக்க மாட்டீங்களா? தண்ணிகூட எடுத்துகினு வந்துட்டீங்களே."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா கேட்டார். ஆனால் சேரிக்கு வந்து அங்கே தண்ணீர் குடிக்காமல், தான் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறவர்களை அந்த ஆயா வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். தேர்தலுக்கு வருபவர்கள், கணக்கெடுக்க வருபவர்கள், ஆய்வு செய்ய வருபவர்கள். அந்த வரிசையில் இப்போது நானும். லாட்ஜ்காரனைத் தவிர்க்க நான் கட்டிய சுவர், ஆயாவின் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் நின்றது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஓரிருக்கைக் கதையில் எங்கே பிழை என்று அப்போதுதான் புரிந்தது. பெருமாள் படுக்கையைச் சுருட்டினால் காஞ்சிக்கு நஷ்டம். அதனால் அரசன் ஓடி வந்தான். நான் படுக்கையைச் சுருட்டிக்கொண்டால் அந்த மேனேஜருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அவருக்கு நிம்மதி. இனி 'காலனி' முகவரியோடு யாரும் அவர் கவுண்டரில் வந்து நிற்கப் போவதில்லை. பொய் சொல்லும் சிரமம்கூட அவருக்கு இனி இல்லை. அவர் செய்ய வேண்டிய தீண்டாமையை நானே என் செலவில், டீசல் போட்டு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு திரிகிறேன்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களும் இந்தச் சாலையில் போனவர்கள்தான். ஓட்டல்கள் இடம் தராத காலத்தில் சோறு, போர்வை எல்லாவற்றையும் காரிலேயே கட்டிக்கொண்டு பயணம் போனார்கள். ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936 முதல், தங்களை ஏற்றுக்கொள்ளும் விடுதிகளின் பட்டியலைக் 'கிரீன் புக்' என்ற பெயரில் வெளியிட்டார். அது லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய வேலை. ஆனால் அந்த மக்கள் பட்டியலோடு நின்றுவிடவில்லை. மறுத்த கவுண்டர்களிலேயே போய் உட்கார்ந்தார்கள், அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் கிரீன் புக் தேவையில்லாமல் நின்றுபோனது. தன்னைத் தேவையற்றதாக்கிக்கொள்ளத் தெரிந்த ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு.

நமக்குச் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், விடுதியில் இடம் மறுப்பதைக் குற்றமாக்கி, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. "எப்படி நிரூபிக்கிறது?" என்று பஸ் நிலையத்து இரவில் கேட்டோமே, அதற்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. 12ஆம் பிரிவு. சட்டம் குற்றம் என்று சொல்லும் செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது மறுத்தவரின் பொறுப்பு. சாதிதான் காரணம் என்று மேனேஜரின் மனதைத் திறந்து காட்ட வேண்டியது என் வேலை இல்லை. அறை இருந்தும் மறுத்தார் என்பதைக் காட்டினால் போதும்.

இந்தப் பிரிவை நான் பத்து வருடத்துக்கு முன்பே படித்துத் தேர்வு எழுதியவள். மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவள். எனக்கு நடந்தபோது ஒரு டிரெய்லர் வாங்கினேன்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. என் ஆதாரும் ஒரு நாள் மாறும். ஆனால் "திருமழிசையிலே எந்தப் பக்கம்?" என்ற கேள்வியை எந்த அரசாணையும் நீக்காது. அதற்கு அந்தக் கவுண்டரில் நின்று பதில் கேட்க ஆள் வேண்டும்.

டிரெய்லரை விற்றுவிட்டோமா? இல்லை. அதன் வேலையை மாற்றினோம். பகலில் அது எங்கள் அலுவலகம். அதைப்போல ஒரு நல்ல மனு எழுதும் இடம் எந்தக் கிராமத்திலும் கிடைக்காது. ராத்திரி கூப்பிடும் வீட்டில் படுக்கிறோம், அவர்கள் சோற்றைச் சாப்பிடுகிறோம், அவர்கள் தண்ணீரைக் குடிக்கிறோம். மழை, உடம்பு சரியில்லை, தங்கினால் அந்த வீட்டுக்கே ஆபத்து என்ற நிலை, இவற்றுக்கு மட்டும் டிரெய்லர் படுக்கை. ஆபத்து நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துப் போகும்போது பூட்டிக்கொள்ளக் கதவுள்ள ஒரு இடம் கைவசம் இருப்பது பெரிய பலம்.

மூன்று பயணத்துக்கு ஒரு முறை, வேண்டுமென்றே லாட்ஜில் அறை கேட்கிறோம். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். முதலில் போனில் கேட்டு, அறை இருக்கிறது என்று சொன்ன நேரத்தைக் குறித்துக்கொள்வோம். நேரில் போகும்போது குறைந்தது இரண்டு பேர் போவோம். மறுத்தால் காரணத்தை எழுதித் தரும்படி கேட்போம். கோபப்பட மாட்டோம். அடுத்த பத்து நிமிடத்தில் வேறு பெயரில் வேறொரு தோழர் போன் செய்து அறை கேட்பார். அதன் நேரத்தையும் குறிப்போம். அன்றிரவே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தூங்குவோம். இதுவரை இரண்டு இடத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் சாவியைக் கொடுத்தார்கள். நன்றி சொல்லி, வாடகை கொடுத்து, நிம்மதியாகத் தூங்கினோம். இன்னொரு இடத்தில் மறுத்தார்கள். புகார் கொடுத்திருக்கிறோம். அலைகிறோம். என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

போன வாரம் மறுபடி எங்கள் தெருமுனையில் ரிவர்ஸ் எடுத்தேன். இப்போது மூன்று நிமிடம் போதும். அப்பா வழக்கம்போலப் பின்னால் நின்று கையைக் காட்டினார். நிறுத்தியதும் கதவைத் திறந்து, பாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். முன்னால் தண்ணீர் கேன், நடுவில் மேசை, காகிதப் பெட்டி. சுருட்டிய படுக்கை ஒன்றுதான் பின்னால் கிடந்தது.

"இது ஒண்ணுதான் பின்பாரம்" என்றார்.

"அது லேசுதாம்பா" என்றேன். "இப்பல்லாம் அதை அதிகம் விரிக்கிறதில்லை."